ஒரு கண்ணாடி இழை, நாலு துண்டுச் செப்புக் கம்பி: நுண்ணிழைகளின் ஒட்டுவிசையை அளந்த கதை

மூன்று வாரம் முன்பு, ஒரு வியாழக்கிழமை மாலை. திரையில் ஒரு கறுப்புக் கோடு மெல்ல இடப்பக்கம் வளைந்துகொண்டே போனது. 190 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 200, 210. 215ஐத் தொட்டதும் சட்டென்று துள்ளித் தன் பழைய இடத்துக்கு வந்தது, கொஞ்சம் ஆடி அடங்கியது. அந்தத் துள்ளலுக்காகத்தான் நாலு மாதம் காத்திருந்தேன். ஒவ்வொன்றும் 1.8 மைக்ரான் தடிமனுள்ள இரண்டு பாலிமர் இழைகள், குறுக்காகத் தொட்டுக்கொண்டிருந்தவை, அப்போதுதான் பிரிந்தன. பிரிக்கத் தேவைப்பட்ட விசை 0.41 மைக்ரோநியூட்டன். எடையாகச் சொன்னால் ஏறக்குறைய 42 மைக்ரோகிராம்.

அந்த ஒரு எண் கிடைத்ததில் பெரிய மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. எண் முதல் மாதமே கிடைத்துவிட்டது. ஒரு நாள் 0.3, மறுநாள் 6, அதற்கடுத்த நாள் 2 என்று வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். இந்த முறை அடுத்தடுத்து ஐந்து ஜோடிகளும் 0.37க்கும் 0.45க்கும் நடுவிலேயே விழுந்தன. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

எதற்காக இதை அளக்க வேண்டும் என்றால், மின்நூற்பில், அதாவது பாலிமர் கரைசலை ஊசியிலிருந்து உயர் மின்னழுத்தத்தால் இழையாக இழுக்கும் முறையில், செய்யும் இழைப்பாய்களை இழுத்துப் பார்க்கும்போது அவை எங்கே விட்டுக்கொடுக்கின்றன என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டேன். இழை அறுகிறதா, அல்லது இழையும் இழையும் தொடும் இடம் பிரிகிறதா? பாயை மட்டும் இழுத்தால் இரண்டும் கலந்துதான் தெரியும். ஆகவே பாயை விட்டுவிட்டு, ஒரே ஒரு ஜோடி இழையை எடுத்துப் பிரித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

தராசு

ஆய்வகத்தில் இருந்த பகுப்பாய்வுத் தராசு 0.1 மில்லிகிராம் வரை காட்டும். அது கிட்டத்தட்ட 1 மைக்ரோநியூட்டன். நான் அளக்க வேண்டியதே அதில் பாதிதான். மிக நுண்ணிய நுனியால் பரப்பைத் தொட்டு விசையை அளக்கும் அணுவிசை நுண்ணோக்கியில் செய்திருக்கலாம். ஆனால் அதை நாள்கணக்கில் எனக்கென்று பிடித்து வைக்க முடியாது. அதன் நுனியில் முழு இழை ஒன்றைக் குறுக்காக ஒட்டுவதும் என் கைக்கு வராத வேலை.

சரி, கண்ணாடி இழை ஒன்றையே வில்லாக வைத்துக்கொள்ளலாம். ஒரு முனையை இறுக்கி, மறுமுனையை இழுத்தால் எவ்வளவு வளைகிறதோ அதுதான் விசை. மேலிருந்து ஒரு யு.எஸ்.பி. நுண்ணோக்கி பார்த்துக்கொண்டிருக்கும். அதன் படத்தில் ஒரு புள்ளி (பிக்சல்) 1.1 மைக்ரான். அளவுகோல் பொறித்த கண்ணாடித் தகட்டை வைத்துச் சரிபார்த்த கணக்கு இது.

முதலில் கையில் கிடைத்தது கண்ணாடித் துணி. அதிலிருந்து ஒரு இழையை உருவினேன்: 9 மைக்ரான், 10 மி.மீ. நீளம். கணக்குப் போடாமல் ஒட்டிய பிறகுதான் கணக்குப் போட்டேன். 0.4 மைக்ரோநியூட்டனுக்கு அது 6 மி.மீ. வளைய வேண்டும். இழையின் நீளமே பத்துதான்! போதாக்குறைக்கு, நான் மூச்சு விட்டாலே அது தலையாட்டியது.

அப்புறம் நானே இழுத்தேன். 4 மி.மீ. கண்ணாடித் தண்டின் நடுவைச் சுடரில் காட்டி, நன்றாகத் தளர்ந்ததும் சுடரைவிட்டு வெளியே எடுத்து, இரண்டு கையையும் ஒரே வீச்சில் விரிக்க வேண்டும். சுடருக்குள் வைத்துக்கொண்டே இழுத்தால் அறுந்துவிடும். வெளியே எடுத்து யோசித்துக்கொண்டிருந்தால் இறுகிவிடும். பத்து முறை இழுத்தால் ஒன்று தேறும். நான் தேர்ந்தெடுத்தது 20 மைக்ரான் தடிமன். அதைத் தடித்த ஊசி ஒன்றின் முனையில் எப்பாக்சியால் ஒட்டி, வெளியே நீளும் பகுதியைச் சரியாக 10 மி.மீ. வைத்து நறுக்கினேன்.

பசை இழையோடு கொஞ்சம் ஏறிக்கொள்ளும். அந்த ஏற்றம் 0.2 மி.மீ. என்றாலும், வளையும் நீளம் அந்த அளவுக்குக் குறைகிறது. விறைப்பு, அதாவது ஒரு மைக்ரான் வளைக்கத் தேவையான விசை, நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் போவதால் 6 சதவீதப் பிழை வந்துவிடும். தடிமன் விஷயம் இன்னும் மோசம், அது நான்காம் அடுக்கு. பாடப்புத்தகச் சூத்திரத்தில் 20 மைக்ரான் என்று போட்டபோது, ஒரு மைக்ரான் வளைவுக்கு 1.65 நானோநியூட்டன் என்று வந்தது. கையால் இழுத்த இழை அடியில் கொஞ்சம் தடித்தும் நுனியில் மெலிந்தும் இருக்கும். இந்த எண்ணை நம்பி இரண்டு வாரம் ஓட்டினேன், அது தவறு.

எடையைத் தொங்கவிட்டு அளப்பதுதான் சரி. ஆனால் மைக்ரோகிராம் எடைக்கற்களுக்கு எங்கே போவது? எனாமல் பூசிய, 50 மைக்ரான் தடிமனுள்ள செப்புக் கம்பி கைகொடுத்தது. ஒரு மீட்டரைச் சுருட்டித் தராசில் வைத்தேன்: 18.7 மில்லிகிராம். செம்பின் அடர்த்தியை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 17.6 வரும். மிச்சம் பெரும்பாலும் எனாமல். ஆக, 1 மி.மீ. கம்பி 18.7 மைக்ரோகிராம், விசையாக 0.183 மைக்ரோநியூட்டன். தராசால் காட்ட முடியாத எடையை, அதே தராசை வைத்து, ஒரு மீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டுப் பெற்றாயிற்று.

கம்பியை அளவுகோல் தகட்டின் மேல் வைத்து, நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே, அறுவைக் கத்தியால் 1, 2, 3, 4 மி.மீ. துண்டுகளாக நறுக்கினேன். நடுவில் லேசாக மடித்தால் கொக்கி போலக் கண்ணாடி இழையின் நுனியில் உட்கார்ந்துகொள்ளும். (1 மி.மீ. துண்டு தரையில் விழுந்தால் தேடாதீர்கள், போனது போனதுதான்.) ஒவ்வொரு மி.மீ. கம்பிக்கும் நுனி 96 மைக்ரான் தாழ்ந்தது. நாலு புள்ளியும் ஒரே நேர்கோட்டில். ஆக விறைப்பு, மைக்ரானுக்கு 1.91 நானோநியூட்டன். சூத்திரம் சொன்னதைவிட 16 சதவீதம் அதிகம். தடிமனில் முக்கால் மைக்ரான்கூட இல்லாத வித்தியாசம் இவ்வளவு செய்கிறது.

வட்டக் குறுக்குவெட்டில் ஒரு வசதி உண்டு. எடையை வைத்துச் செங்குத்தாக வளைத்து அளந்த விறைப்பே கிடைமட்டமாக வளைக்கும்போதும் பொருந்தும். அதனால் சோதனையைக் கிடைமட்டமாகச் செய்ய முடிந்தது, ஈர்ப்பு விசை கணக்கில் நுழையவில்லை.

இழைகள்

பாலிமர், பாலிகாப்ரோலாக்டோன். சுருக்கமாக பி.சி.எல். 60 டிகிரி செல்சியஸ் அருகில் உருகும். கண்ணாடி நிலைக்குப் போகும் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 60 டிகிரி பக்கம், அதனால் அறை வெப்பத்தில் மென்மையாகவே இருக்கும். இந்த மென்மை பின்னால் வந்து என்னைப் படுத்தியது.

12 சதவீதக் கரைசல், குளோரோஃபார்மும் மெத்தனாலும் மூன்றுக்கு ஒன்று. 15 கிலோவோல்ட், ஊசிக்கும் தட்டுக்கும் 15 செ.மீ., மணிக்கு 1 மி.லி. இப்படிச் செய்தால் 3 மைக்ரான் இழை வந்தது. கரைசலைக் கொஞ்சம் நீர்த்தால் 1.8. மேலும் நீர்த்தால் மணி கோத்ததுபோல முடிச்சு முடிச்சாக வர ஆரம்பித்தது. 1 மைக்ரானுக்குக் கீழே போக டி.எம்.எஃப். என்ற இன்னொரு கரைப்பானைச் சேர்க்க வேண்டியிருந்தது.

பாயாக விழும் இழைகள் இந்த வேலைக்கு ஆகாது. அட்டையில் 20 மி.மீ. சன்னல் ஒன்று வெட்டி, இரண்டு ஓரமும் அலுமினியத் தாள் ஒட்டி, இரண்டையும் மண்ணிணைப்பில் இணைத்தால், இழைகள் ஓரத்துக்கு ஓரம் பாலம் போட்டதுபோல வரிசையாக விழும். மூன்று நாலு விநாடி காட்டினால் போதும். பத்து விநாடி காட்டினால் வலை. தனி இழை ஒன்றைப் பிரித்தெடுக்கும் பொறுமை யாருக்கும் கிடையாது.

டி.எம்.எஃப். எனக்கு ஒரு பாடம் நடத்தியது. அதன் கொதிநிலை 153 டிகிரி, லேசில் போகாது. முதல் மெல்லிய இழை ஜோடியைத் தொடவைத்துவிட்டு இழுத்தபோது, வில் வளைந்துகொண்டே போனது, பிரியவே இல்லை. முன்பக்க நுண்ணோக்கியில் பார்த்தால், தொட்ட இடம் நூல்போல இழுபட்டு நீண்டுகொண்டிருந்தது. கரைப்பான் மிச்சமிருந்ததால் இரண்டும் ஒன்றாகவே உருகிச் சேர்ந்துவிட்டன. அதை ஒட்டுவிசை என்று எழுதினால் பொய். அதன் பிறகு எல்லாச் சட்டங்களையும் 35 டிகிரி வெற்றிட அடுப்பில் ஒரு இரவு முழுக்க வைத்தேன்.

முள்ளில் இழை கட்டுவது

கண்ணாடி வில்லின் நுனியில் இழையை எப்படி நிறுத்துவது? அதே செப்புக் கம்பியை ப வடிவில் மடித்து ஒரு முள் செய்தேன். கால்கள் 1.5 மி.மீ., இடைவெளி 1.2 மி.மீ. அந்த இடைவெளியில் பி.சி.எல். இழை செங்குத்தாக நிற்கும். எதிரே, மோட்டார் மேடையில், 3 மி.மீ. இடைவெளியுள்ள அட்டைச் சட்டத்தில் இன்னொரு இழை படுக்கையாக. இரண்டும் கூட்டல் குறிபோலத் தொடும். முள்ளின் எடையால் வில் 0.4 மி.மீ. தாழ்ந்தது, ஆனால் அது எப்போதும் மாறாத தாழ்வு, வளையும் திசையும் வேறு. கவலையில்லை.

கட்டும் வேலை இப்படி: முள்ளை வரிசை இழைகளுக்கு அடியிலிருந்து மெல்ல மேலே ஏற்றி, ஒரே ஒரு இழை இரண்டு கால்களிலும் சாயும்படி நிறுத்த வேண்டும். பிறகு ஒரு மெல்லிய ஊசியின் நுனியில் பசை எடுத்து இரண்டு முனையிலும் தொட்டுவிட வேண்டும். காய்ந்ததும், மின்பற்றவைப்புக் கோலின் முனையில் சுற்றிய கம்பியை வெளிப்பக்க இழைக்கு அருகில் கொண்டுபோனால் போதும். தொடக்கூட வேண்டாம், சூட்டிலேயே இழை சுருண்டு அறுந்துகொள்ளும். கை நடுங்கினால் நல்ல பக்கமும் போய்விடும். எட்டு ஜோடிகள் இப்படியே போயின.

பசைக்கு முதலில் உடனடிப் பசையைத்தான் பயன்படுத்தினேன், பத்து விநாடியில் பிடித்துக்கொள்ளும் சயனோஅக்ரிலேட். வேலை சுலபமாக முடிந்தது. எண்கள் மட்டும் கன்னாபின்னாவென்று வந்தன. ஒரு ஜோடியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. வழவழவென்று இருக்க வேண்டிய இழையின் மேல் மணல் தூவியதுபோலப் பொரிப்பொரியாக வெள்ளைத் துகள்கள். அந்தப் பசையின் ஆவி பக்கத்தில் இருப்பதன் மேலெல்லாம் படிந்து இறுகும். கைரேகை எடுப்பதற்கே இந்த ஆவியைப் பயன்படுத்துகிறார்கள். இது முன்பே தெரிந்த விஷயம்தான், ஆனால் நம் மேசையில் நடக்கும் என்று தோன்றவில்லை. நான் இரண்டு வாரமாக அளந்தது பி.சி.எல்.லை அல்ல, பசைப் பொரியும் பசைப் பொரியும் உரசிக்கொண்ட கதையை.

எப்பாக்சிக்கு மாறினேன். கலந்த உடனே தொட்டால் அது இழையோடு வழிந்து நடுவரைக்கும் ஓடிவிடும். கலந்து நன்றாகக் கெட்டிப்பட ஆரம்பிக்கும் வரை காத்திருந்து, ஊசியால் இழுத்தால் நூல் வரும் பதத்தில் தொட வேண்டும். அந்தப் பதம் ஒரு நிமிடம்தான் நிற்கும்.

தொடுமுன்பே தாவிய இழை

எண் 6 வந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நூற்ற அன்றே மாட்டிய இழைகள். மேடையை மெல்ல நகர்த்திக்கொண்டு வந்தேன். இன்னும் கால் மி.மீ. தூரம் இருக்கிறது, வில் தானாகவே முன்னால் வளைந்து, பட்டென்று போய் ஒட்டிக்கொண்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒட்டுவிசை என்று நான் தேடிக்கொண்டிருந்தது நானோமீட்டர் தூரத்தில் மட்டும் வேலை செய்யும் சமாசாரம். 250 மைக்ரானிலிருந்து இழுப்பது மின்னூட்டம். 15 கிலோவோல்ட்டில் நூற்ற இழை அந்த மின்னூட்டத்தைச் சும்மா விட்டுவிடாது.

மின்னூட்டத்தைச் சமன்செய்ய, அயனி கலந்த காற்றை ஊதும் அயனியாக்கும் விசிறி ஒன்று வாங்கினேன். இந்த வேலைக்கென்று காசு கொடுத்து வாங்கிய கருவி இது ஒன்றுதான். பத்து நிமிடம் காட்டியும் தாவல் குறைந்ததே தவிர போகவில்லை. இழைகளை அலுமினியத் தாள் விரித்த பெட்டியில் ஓரிரவு வைத்து, மறுநாள் மறுபடி விசிறி காட்டினால் சரியாயிற்று. அப்படியென்று நினைத்தேன். அடுத்த வாரம் மறுபடி தாவியது.

இந்த முறை குற்றவாளி நானே செய்த கூண்டு. காற்று படாமல் இருக்க அக்ரிலிக் தகட்டில் அழகாக ஒரு பெட்டி செய்திருந்தேன். தூசியாக இருக்கிறதே என்று காலையில் துணியால் துடைத்தேன். துடைத்த அக்ரிலிக் எவ்வளவு மின்னூட்டம் ஏற்றிக்கொள்ளும் என்பது பள்ளிக்கூடச் சோதனை. இழை மாட்டாத வெறும் வில்லைக்கூட அது 80 மைக்ரான் தன் பக்கம் இழுத்து வைத்திருந்தது! அக்ரிலிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, கண்ணாடித் தகடுகளால் பெட்டி செய்து, உள்ளே அலுமினியத் தாள் ஒட்டி, மேடை, முள் தாங்கி, தாள் எல்லாவற்றையும் ஒரே மண்ணிணைப்பில் சேர்த்தேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஜோடிக்கும் முதலில் இழையைத் தொடாமல் அருகில் மட்டும் கொண்டுவந்து, வில் நகர்கிறதா என்று பார்ப்பேன். தொடுவதற்கு முன் இரண்டு புள்ளிக்கு மேல் நகர்ந்தால் அந்த ஜோடியை அன்று அளப்பதில்லை. இதை முதல் நாளே செய்திருந்தால் ஒரு மாதம் மிச்சம்.

1440

மின்னூட்டம் அடங்கியதும் நடுக்கம் கண்ணில் பட்டது. சில நாள் படம் கல்லில் செதுக்கியதுபோல நிற்கும். சில நாள் வில்லின் நுனி பட்டையாக மங்கித் தெரியும். அப்படி ஆடும்போது ஒட்டுவிசை வழக்கத்தில் பாதிதான் வந்தது. ஒவ்வொரு ஆட்டமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிடுகிறது போலும்.

மேசைக்கு அடியில் ரப்பர், ரப்பருக்கு மேல் கல் பலகை, கல்லுக்கு அடியில் காற்றடித்த டியூப் என்று அடுக்கிக்கொண்டே போனேன். கொஞ்சம் குறைந்தது. ஆய்வகத்தில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒருவர் நான் படும் பாட்டை இரண்டு நாள் வேடிக்கை பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, புகைப்போக்கி ஓடுறப்பதானே இது ஆடுது? நிறுத்திப் பாத்தியா?"

நூற்கும்போது எழும் கரைப்பான் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அந்தப் புகைப்போக்கியை நிறுத்திப் பார்த்தேன். நின்றுவிட்டது.

முள்ளை லேசாக ஊதிவிட்டு, போனில் விநாடிக்கு 120 படம் எடுத்து எண்ணினேன். முள் மாட்டிய வில் விநாடிக்கு 24க்கும் 25க்கும் நடுவில் ஆடுகிறது. புகைப்போக்கி மோட்டாரின் பெயர்த்தகட்டில் நிமிடத்துக்கு 1440 சுற்று என்று இருந்தது, விநாடிக்கு 24. வேண்டுமென்றே பொருத்தம் பார்த்துச் செய்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது. இப்போது நூற்பு ஒரு நாள், அளப்பது மறுநாள். அளக்கும்போது புகைப்போக்கி ஓடாது. காய்ந்த இழைக்கு அது தேவையும் இல்லை.

கோணம்

இது சின்ன விஷயம், ஆனால் எண்ணில் 30 சதவீதம் வரை விளையாடியது. சம தடிமனுள்ள இரண்டு இழைகள் சரியாக 90 பாகையில் குறுக்கிட்டால், அது ஒரு உருண்டை சமதளத்தைத் தொடுவதற்குச் சமம். கணக்கு சுலபம். கோணம் குறைந்தால் தொடும் பரப்பு நீண்டுவிடும், விசை கோணத்தின் சைனால் வகுத்த அளவுக்கு ஏறும். 50 பாகையில் 1.3 மடங்கு. நான் மேலிருந்து மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலிருந்து பார்த்தால் செங்குத்து இழை ஒரு புள்ளியாகத்தான் தெரியும், சாய்வு தெரியாது. முன்பக்கம் இன்னொரு மலிவு நுண்ணோக்கியை வைத்த பிறகுதான், என் கூட்டல் குறிகள் பாதி பெருக்கல் குறிகளாக இருந்தது தெரிந்தது. இப்போது 85க்குக் குறைந்தால் முள்தாங்கியைத் திருகித் திருத்துகிறேன்.

எண்கள்

மேடை முன்பு கைத்திருகில் ஓடியது. ஒவ்வொரு திருகுக்கும் ஒரு உதறல். இப்போது மோட்டார், விநாடிக்கு 5 மைக்ரான். தொட்டதும் வில் எதிர்ப்பக்கம் 20 மைக்ரான் வளையும் வரை அழுத்தி, 30 விநாடி நிறுத்தி, பின்னால் இழுப்பது. தடிமனைக் கடைசியில்தான் அளப்பேன். பிரிந்த அதே இரண்டு இழைகளையும் தங்கம் பூசி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பது. மின்னழுத்தத்தை ஏற்றினால் பி.சி.எல். கண் எதிரே உருகி நெளியும், அதனால் குறைவாகவே வைக்க வேண்டும். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இந்த நுண்ணோக்கியின் மணிக்கட்டணம்தான். மற்றதெல்லாம் ஏற்கனவே அலமாரியில் கிடந்தவை.

31 ஜோடிகள் முயன்றதில் 12 தேறின. 3.1 மைக்ரான் இழைகளில் நாலு ஜோடி, சராசரி 0.70 மைக்ரோநியூட்டன். 1.8 மைக்ரானில் ஐந்து ஜோடி, 0.41. 0.9 மைக்ரானில் மூன்றே ஜோடி, 0.24. தடிமனுக்கு ஏற்ப விசை ஏறுவது எதிர்பார்த்ததுதான். ஜான்சன், கெண்டல், ராபர்ட்ஸ் மூவரும் 1971இல் கொடுத்த சூத்திரப்படி, விசையை ஆரத்தாலும் 4.71 என்ற எண்ணாலும் வகுத்தால் ஒட்டாற்றல், அதாவது ஒட்டிய பரப்பில் ஒரு சதுர மீட்டரைப் பிரிக்கத் தேவையான ஆற்றல், வரும். முதல் இரண்டு தொகுதிக்கும் சதுர மீட்டருக்கு 96, 97 மில்லிஜூல். பி.சி.எல்.லின் பரப்பாற்றல் (ஒரு சதுர மீட்டர் புதுப் பரப்பு உண்டாக்கும் ஆற்றல்) 40க்குச் சற்று மேல், பிரிந்தால் இரண்டு பரப்பு உண்டாவதால் அதன் இரண்டு மடங்கோடு ஒப்பிட்டால் கொஞ்சம் கூடுதல், ஆனால் அதே தெரு. மெல்லிய இழைக்கு 113 வருகிறது. மூன்று ஜோடியை வைத்துக்கொண்டு, மெலிந்தால் அதிகம் ஒட்டும் என்று கொடி பிடிக்க நான் தயாராக இல்லை. அவை டி.எம்.எஃப். கலந்த தொகுதி வேறு.

அந்த மென்மை என்னைப் படுத்தியதாகச் சொன்னேன் அல்லவா? 30 விநாடி நிறுத்திய இடத்தில் 10 நிமிடம் நிறுத்தினால், 1.8 மைக்ரான் ஜோடி 0.41க்குப் பதில் 0.48 காட்டுகிறது. பி.சி.எல். மெல்லத் தளர்ந்து பரவுவதால் தொடும் வட்டம் பெரிதாகிறது. அப்படியானால் என் 30 விநாடிக்கு என்ன அர்த்தம் என்று யோசித்தபோதுதான் அடுத்த ஓட்டை தெரிந்தது. வில் 215 மைக்ரான் வளைய வேண்டும். அதோடு இரண்டு இழைகளும் நடுவில் இழுபட்டு ஆங்கில வி எழுத்துப்போல வளைகின்றன. அட்டைச் சட்டத்து இழை மட்டும் 110 மைக்ரான் இழுபடுகிறது, முள்ளிலுள்ளது 45. மொத்தம் 370 மைக்ரான், 5 மைக்ரான் வேகத்தில் 74 விநாடி. 30 விநாடி நிறுத்திவிட்டு 74 விநாடி இழுத்தால், நிறுத்திய நேரத்துக்கு மதிப்பே இல்லை.

அடுத்த முறை வில்லை 6 மி.மீ. ஆக்கப் போகிறேன். மைக்ரானுக்கு 9 நானோநியூட்டன் பக்கம் வரும். 0.41க்கு 46 மைக்ரான்தான் வளையும், அதில் ஒரு புள்ளிப் பிழை இரண்டரை சதவீதம்கூட வராது, தாங்கலாம். சட்டத்தின் இடைவெளியை 3இலிருந்து 1 மி.மீ. ஆகக் குறைத்தால் மொத்த இழுப்பும் 25 விநாடியில் முடிந்துவிடும். விறைப்பு கூடுவதால் வில்லின் அதிர்வு எண்ணும் இரண்டு மடங்குக்கு மேல் போகும், 1440இன் பிடியிலிருந்து தப்பும். முதலில் மிக மென்மையான வில்தான் நல்ல வில் என்று நினைத்தது என் பேராசை.

இன்னொன்று. போன வெள்ளிக்கிழமை மாலை, அளந்து முடித்த ஒரு 1.8 மைக்ரான் ஜோடியை மறுபடி தொடவைத்துவிட்டு, பிரிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டேன். மறதிதான், திட்டம் ஒன்றும் இல்லை. திங்கள் காலை வந்து, சரி பார்ப்போம் என்று மோட்டாரை ஓடவிட்டேன். வில் 215ஐத் தாண்டியது. 400ஐத் தாண்டியது. 690இல் துள்ளியது, அதாவது 1.3 மைக்ரோநியூட்டன். முன்பக்க நுண்ணோக்கியில் பார்த்தால், இரண்டு இழைகளும் கூட்டல் குறியாக அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரிந்தது முள்ளின் மேல்காலில் நான் வைத்த எப்பாக்சி முனை.